கறுப்பு வேறு, கடுமை வேறு

இரண்டு கண்ணாடிக் குவளைகள் உங்கள் எதிரே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பீர். ஒன்று பொன்னிறமானது, குவளைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். மற்றொன்று முதல் டிக்காஷனைப் போலக் கன்னங்கரேலென்று இருக்கிறது. மேலே பழுப்பு நிற நுரை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாலும் ஒளி ஊடுருவவில்லை. இவ்விரண்டில் எது கடுமையானது, எதில் ஆல்கஹால் அதிகம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் கறுப்பைத்தான் காட்டுவார்கள்.

நிறத்தைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதே சரியான விடை. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் காய்ச்சப்படும் புகழ்பெற்ற கறுப்புப் பீரில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பொன்னிறப் பீர்களில் 8 சதவீதம் உள்ளவையும் உண்டு. அதே வேளையில், ‘இம்பீரியல் ஸ்டவுட்’ என்னும் கறுப்புப் பீரில் 10 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். இன்று சிறு ஆலைகளில் காய்ச்சப்படும் சில ஸ்டவுட்டுகள் 12, 14 சதவீதத்தை எட்டுகின்றன. ஆக, கறுப்பு வேறு, கடுமை வேறு.

இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? ஒரு காலத்தில் அவை சேர்ந்தே இருந்தன. பிறகு ஓர் அளவுகருவி வந்து அவற்றைப் பிரித்தது. அந்தப் பிரிவினால் ஏமாற்று, நஞ்சு, சட்டம், புதுக் கண்டுபிடிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குடிப்பழக்கம் இல்லாதவரும் அறிந்துகொள்ள வேண்டிய விஞ்ஞான வரலாறு இது. நாக்கை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே கருவியைத் தேட வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

சுமை தூக்குவோரின் பானம்

நம் இரயில் நிலையங்களில் சுமை தூக்குபவரைப் ‘போர்ட்டர்’ என்று அழைக்கிறோம் அல்லவா? கறுப்புப் பீரின் கதையும் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் ஆயிரக்கணக்கான சுமைத் தொழிலாளர்கள் இருந்தனர். தேம்ஸ் ஆற்றில் வந்து நிற்கும் கப்பல்களிலிருந்து நிலக்கரியையும் தானியத்தையும் இறக்கியவர்கள் ஒரு சாரார். தெருக்களில் மூட்டைகளையும் பெட்டிகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மற்றொரு சாரார். இவர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு நிறப் பீருக்கு 1720-களில் இவர்கள் பெயரே வழங்கலாயிற்று. அதுதான் போர்ட்டர் பீர். ரால்ஃப் ஹார்வுட் என்பவர் 1722-இல் ஒரே நாளில் இதைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. பல ஆலைகளில் படிப்படியாக வளர்ந்த பானம் இது.

பீர் காய்ச்சும் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, பிறகு சூடு காட்டி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். கஞ்சி மாவுக்காகக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவது நம் வீடுகளில் நடப்பதுதானே? முறை ஒன்றே. முளைக்கும்போது தானியத்தில் டயாஸ்டேஸ் என்னும் நொதி உண்டாகிறது. மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் அந்த நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது.

அக்காலத்துப் போர்ட்டருக்குப் பழுப்பு மால்ட் ஒன்றே மூலப்பொருள். விறகு நெருப்பின் மேல் கடுஞ்சூட்டில் உலர்த்தப்பட்ட மால்ட் அது. நிறமும் புகை மணமும் அதிலிருந்தே வந்தன. வலிமை வேண்டுமென்றால் மால்ட்டை அதிகம் போடவேண்டும்; மால்ட் கூடினால் நிறமும் கூடும். எனவே, கறுப்பு மிகுந்தால் கடுமையும் மிகும் என்று குடிப்பவர் நம்பியதில் அன்று தவறில்லை.

‘ஸ்டவுட்’ என்ற பெயரையும் கவனியுங்கள். இன்று அச்சொல்லுக்குப் பருமன் என்று பொருள் கொள்கிறோம். அன்று அதற்கு ‘வலிய, திடமான’ என்பதே பொருள். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வலிமை மிக்க பீரை அப்படி அழைத்திருக்கிறார்கள். வெளிர் நிற ஸ்டவுட்டும் உண்டு, பழுப்பு ஸ்டவுட்டும் உண்டு. பெயர் முதலில் குறித்தது நிறத்தையன்று, வலிமையையே. வலிமை மிக்க போர்ட்டரைப் ‘பழுப்பு ஸ்டவுட்’ என்றார்கள். காலப்போக்கில் முன்சொல் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது.

வீட்டை விடப் பெரிய தொட்டிகள்

போர்ட்டரைக் காய்ச்சியவுடன் விற்றுவிடுவதில்லை. பல மாதங்கள் மரத்தொட்டிகளில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துவார்கள். அத்தொட்டிகளின் மரத்தில் குடியிருந்த மற்றொரு வகை ஈஸ்ட் மெல்ல மெல்ல வேலைசெய்து, தனியொரு மணத்தை அளித்தது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் 1904-இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார். ஆங்கிலேயரின் பீரில் கண்டதால் ‘பிரிட்டானியப் பூஞ்சை’ என்னும் பொருளில் ‘பிரெட்டனோமைசிஸ்’ என்று பெயரிட்டார்.

பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கே பெரிய இலாபம் என்ற நிலை வந்ததும், ஆலைகள் போட்டி போட்டுக்கொண்டு தொட்டிகளை உயர்த்தின. அதன் விளைவு 1814 அக்டோபர் 17 அன்று தெரிந்தது. இலண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் மியூ நிறுவனத்தின் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் 3,555 பீப்பாய்ப் போர்ட்டர், அதாவது ஏறத்தாழ 5 இலட்சத்து 80 ஆயிரம் லிட்டர், நிறைந்திருந்தது. அன்று மாலை தொட்டியைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டைகளுள் ஒன்று கழன்று விழுந்தது. இதனால் ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. பீர் வெள்ளம் ஆலைச் சுவரை உடைத்துக்கொண்டு, பின்புறம் இருந்த ஏழைகள் குடியிருப்பில் புகுந்தது. இறந்தவர்கள் எட்டுப் பேர், பெண்களும் குழந்தைகளும். அவர்களுள் ஐவர், இறந்துபோன ஒரு குழந்தைக்குத் துக்கம் காக்கக் கூடியிருந்தவர்கள். விசாரணையில் இது தற்செயலாக நேர்ந்த விபத்து என்று முடிவாயிற்று. நிறுவனத்துக்குக் கட்டிய வரி திரும்பக் கிடைத்தது.

போர்ட்டர் எத்தனை பெரிய தொழிலாக வளர்ந்துவிட்டது என்பதை இதிலிருந்து உணரலாம். இவ்வளவு பெரிய அளவில் காய்ச்சும்போது மால்ட்டில் ஒரு கைப்பிடி மிச்சமானாலும் பெரும்பணம். அந்த மிச்சத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த கருவியைப் பார்க்க அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்வோம்.

தந்தைக்குத் தெரியாமல் ஒரு கருவி

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டரை மிதக்கவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அடர்த்தி மிக்க திரவத்தில் அது உயர்ந்து மிதக்கும். நீர்த்த திரவத்தில் அமிழும். ஆர்க்கிமிடீசின் தத்துவமே இது. பீர்ச் சாற்றை அளக்கும் திரவமானியும் இதே வகைக் கருவிதான். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிராம். சர்க்கரை கரைந்த சாறு அதைவிடக் கனமாக இருக்கும். கடுமையான ஸ்டவுட்டுக்கான சாறு லிட்டருக்கு 1,100 கிராம் வரை வரும். நொதித்தல் முடிந்தபின் அது 1,025-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். ஈஸ்ட் உண்ட சர்க்கரையின் அளவை அந்த 75 சுட்டுகிறது. ஏறத்தாழ ஏழரை குறைந்தால் 1 சதவீத ஆல்கஹால் என்பது தோராயக் கணக்கு. ஆகவே இந்த ஸ்டவுட்டில் ஆல்கஹால் 10 சதவீதம். எவ்வளவு எளிய கணக்கு பாருங்கள்!

ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பீர் காய்ச்சுவோர் கையையும் கண்ணையும் நாக்கையும்தான் நம்பினர். வெந்நீரில் விரலை விட்டுச் சூடு பார்ப்பார்கள். சாற்றை நக்கிப் பார்த்து வலிமை சொல்வார்கள். ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஆல்டன் என்னும் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் தந்தையின் ஆலையில் வேலை செய்துவந்தார். வெப்பமானியைப் பயன்படுத்துவது தந்தைக்குப் பிடிக்காது என்பதால், அதை ஒளித்து வைத்தே பயன்படுத்தினார். பிறகு ஒரு திரவமானியையும் வாங்கிச் சோதித்தார். 1770-இல் அதை எடுத்துக்கொண்டு இலண்டனின் பெரும் ஆலை முதலாளியான சாமுவேல் விட்பிரெட்டைப் பார்க்கச் சென்றார். அவரோ, வீட்டுக்குப் போய்த் தொழிலைக் கவனி, இந்த வீண்கனவெல்லாம் வேண்டாம் என்ற பொருள்பட அறிவுரை கூறி அனுப்பிவிட்டார். சதர்க் பகுதியில் ஆலை வைத்திருந்த ஹென்றி த்ரேல்தான் அக்கருவியின் பயனை உணர்ந்தார்.

1784-இல் ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் இக்கருவியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பீர்ச் சாற்றை அளக்கும் கருவிக்குச் ‘சாக்கரோமீட்டர்’, அதாவது சர்க்கரைமானி, என்று பெயர் சூட்டியவர் அவரே. பல வகை மால்ட்டுகளை அவர் அளந்து பார்த்தார். முடிவு தொழிலையே புரட்டிப் போட்டது. வெளிர் மால்ட்டிலிருந்து கிடைக்கும் சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் பழுப்பு மால்ட்டிலிருந்து கிடைக்கிறது!

காரணம் இப்போது நமக்கு விளங்கும். கடுஞ்சூட்டில் மாவுப்பொருளின் ஒரு பகுதி கருகிவிடுகிறது. சர்க்கரையை உண்டாக்க வேண்டிய நொதியும் வெந்து செயலிழக்கிறது. இவ்வளவு நாளும் நாக்கு ‘கெட்டியாக இருக்கிறது, வலுவாக இருக்கிறது’ என்று சொன்னதெல்லாம் கருகிய சுவையைத்தான். பழுப்பு மால்ட் ஒரு மூட்டை மலிவாகத் தோன்றலாம். சர்க்கரைக் கணக்குப் பார்த்தால் வெளிர் மால்ட்தான் மலிவு.

நிறம் போயிற்று, நஞ்சு வந்தது

கணக்குத் தெரிந்தபின் எந்த முதலாளி சும்மா இருப்பார்? வெளிர் மால்ட்டின் பங்கை ஆலைகள் கூட்டிக்கொண்டே போயின. பிரெஞ்சுப் போர்களின் செலவுக்காக மால்ட் மீதான வரி பன்மடங்கு உயர்ந்ததும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஆனால் ஒரு சிக்கல். வெளிர் மால்ட்டில் காய்ச்சினால் போர்ட்டரின் நிறம் மங்கிவிடும். நிறம் மங்கினால் வாங்குபவர் வலிமை குறைந்துவிட்டது என்று கருதுவார். அவருடைய கையில் திரவமானி இல்லை. கண்ணும் நாக்கும்தான் உண்டு.

அந்தக் கண்ணையும் நாக்கையும் ஏமாற்றப் பலவகைச் சரக்குகள் வந்தன. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. இனிப்புக்கும் கெட்டித்தன்மைக்கும் அதிமதுரச் சாறு. நுரை நிற்பதற்காக அன்னபேதியையும் படிகாரத்தையும் கலந்தனர். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்த பீருக்குப் போதை ஏற்றவோ மேலும் கொடியதொரு பொருள்.

அப்பொருள் நம் பக்கத்திலிருந்து சென்றது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். மலபார்க் கரையிலும் இலங்கையிலும் காடுகளில் படரும் கொடி ஒன்றின் காயை நாம் காக்காய்க்கொல்லி விதை என்கிறோம். அதை இடித்து நீரில் கலந்து, மீன்களை மயங்கச் செய்து பிடிக்கும் வழக்கம் பழங்காலந்தொட்டே உண்டு. இலண்டனில் அதற்கு ‘காக்குலஸ் இண்டிகஸ்’ என்று பெயர். கடுங்கசப்பு உடையது என்பதால் ஹாப்ஸின் கசப்பையும் அது ஈடுசெய்தது; தலைச்சுற்றலை உண்டாக்குவதால் போதைபோலவும் தோன்றியது. குடித்தவர், ‘சரக்கு கடுமை’ என்று மெச்சியிருப்பார்! அதிலுள்ள பிக்ரோடாக்சின் என்னும் நஞ்சை 1812-இல் பிரெஞ்சு வேதியியலார் பூலே பிரித்தெடுத்தார். மூளையில் நரம்புகளின் கொந்தளிப்பை அடக்கிவைக்கும் ‘காபா’ என்ற பொருளின் வேலையை இந்நஞ்சு தடுத்துவிடுகிறது; அளவு மிஞ்சினால் வலிப்பும் மரணமும் நேரும். ஆல்கஹாலோ காபாவின் வேலையைத் தூண்டக்கூடியது. உடலுக்குள் இரண்டும் நேர் எதிராகச் செயல்படுபவை. நாக்குக்கும் தலைக்கும் மட்டும் ஒன்றுபோலத் தோன்றின.

1811-இல் கருக்கிய சர்க்கரையை நிறத்துக்காகச் சேர்க்க அரசு இசைவு அளித்தது. அந்தப் போர்வையில் மற்றச் சரக்குகளும் நுழையவே, 1816-இல் கடுமையான சட்டம் வந்தது. பீரில் மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதுவும் கூடாது. கலந்த ஆலைக்காரருக்கு 200 பவுன் தண்டம். அவருக்கு அச்சரக்கை விற்ற மருந்துக் கடைக்காரருக்கு 500 பவுன் தண்டம். 1820-இல் வேதியியலார் ஃபிரெடரிக் ஆக்கம், உணவுக் கலப்படங்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில், தண்டனை பெற்ற பீர் வியாபாரிகளின் பெயர்களையே வரிசையாக அச்சிட்டுவிட்டார். முதற்பதிப்பு ஆயிரம் படிகளும் ஒரே மாதத்தில் விற்றுப்போயின. உணவுக் கலப்படத்தை வேதியியலைக் கொண்டு மக்கள் முன் அம்பலப்படுத்திய முன்னோடி நூல் அது.

காப்பி வறுக்கும் உருளை

சட்டம் வந்தபின் ஆலைகள் திண்டாடின. கருக்கிய சர்க்கரையும் கூடாது; பழுப்பு மால்ட்டையே நம்பினால் கட்டுப்படியாகாது. இந்நிலையில் 1817-இல் டேனியல் வீலர் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற ஓர் இரும்பு உருளை. அதற்குள் மால்ட்டை இட்டு, நெருப்பின் மேல் சுழற்றிக்கொண்டே 200 டிகிரி செல்சியசுக்கு மேல் வறுத்தார். நேரடி நெருப்பு படாததால் தானியம் எரிந்து சாம்பலாகவில்லை. உள்ளும் புறமும் ஒரே சீராகக் கறுத்தது.

இந்தக் கறுப்பு மால்ட்டிலிருந்து சர்க்கரை அநேகமாக ஒன்றும் கிடைக்காது. அதனால் என்ன? நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தாலே போதும், பானம் முழுதும் கறுத்துவிடும். மீதி முழுவதும் சாரம் மிக்க வெளிர் மால்ட்டாக இருக்கலாம். எல்லாமே மால்ட் என்பதால் சட்டத்துக்கும் மீறல் இல்லை. வலிமை ஒரு மால்ட்டிலிருந்து, நிறம் மற்றொரு மால்ட்டிலிருந்து! கறுப்பும் கடுமையும் பிரிந்த இடம் இதுதான். இன்று ஸ்டவுட்டில் உணரப்படும் காப்பிச் சுவையும் கோக்கோச் சுவையும் வீலரின் உருளை தந்தவை. 18-ஆம் நூற்றாண்டின் சுமைத் தொழிலாளி குடித்த பானத்தில் புகை மணம்தான் மேலோங்கியிருந்திருக்கும்.

பேரரசியின் பீர்

த்ரேலின் ஆலையை மறந்துவிடாதீர்கள். அவர் 1781-இல் மறைந்தபின், அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் உள்ளிட்ட நிறைவேற்றுநர்கள் ஆலையை 1,35,000 பவுனுக்கு விற்றனர். வாங்கியது பார்க்ளே பெர்க்கின்ஸ் நிறுவனம். இந்த ஆலையின் மிக வலிய போர்ட்டர் பால்டிக் கடல் வழியே இரஷ்யாவுக்குச் சென்றது. அது இரஷ்யப் பேரரசிக்காகவே காய்ச்சப்பட்டது என்று கேள்விப்பட்டதை ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் 1796-இல் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். ‘இம்பீரியல்’, அதாவது பேரரசுக்குரிய, என்ற அடைமொழி இந்தத் தொடர்பால் வந்தது.

பனிக் கடலில் உறைந்துவிடாமல் இருக்கவே ஆல்கஹாலைக் கூட்டினார்கள் என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. அதை நாமே சோதித்துப் பார்க்கலாம். 10 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் ஏறத்தாழ -4 டிகிரியில் உறையத் தொடங்கும். இரஷ்யக் குளிருக்கு அது எம்மாத்திரம்? மேலும், பனிக்காலத்தில் அக்கடலின் வடபகுதித் துறைமுகங்களே உறைந்துவிடும். அப்போது கப்பல் எங்கே செல்வது? ஆல்கஹாலும் மிகுதியான ஹாப்ஸும் பீரை நெடுநாள் கெடாமல் காத்தன. பெரிய இடத்தார் கடுமையை விரும்பினர். தொலைதூரத்துக்கு ஏற்றுமதியாகும் சரக்கு விலை மிக்கதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். பொருத்தமான விளக்கம் இவையே.

ஸ்டவுட் குளிர்நாடுகளுக்கு மட்டும் போகவில்லை. வெப்பநாட்டுக் குடியேற்றங்களுக்கும் கப்பலில் சென்று, பின்னர் அங்கேயே காய்ச்சப்படலாயிற்று. இலங்கையில் நுவரெலியா மலையில் 1881-இல் தோன்றிய ஆலையின் வழிவந்த ‘லயன் ஸ்டவுட்’ 8.8 சதவீத வலிமை உடையது.

முதல் உலகப்போர்க் காலத்தில் தானியத்தைச் சேமிப்பதற்காகப் பிரிட்டிஷ் அரசு பீரின் வலிமையைக் குறைத்தது. போர்ட்டர் பிறந்த இலண்டனிலேயே போர்ட்டர் தேய்ந்தது. கட்டுப்பாடு அத்தனை இறுக்கமாக இல்லாத அயர்லாந்தின் பெயரோடு ஸ்டவுட் ஒட்டிக்கொண்டது. பார்க்ளே பெர்க்கின்சின் இம்பீரியல் ஸ்டவுட் கரேஜ் நிறுவனத்தின் கைக்கு மாறி, 1993 வரை நீடித்தது. அதற்குள் அமெரிக்காவில் மறுமலர்ச்சி தொடங்கிவிட்டது. 1978-இல் வீட்டிலேயே பீர் காய்ச்ச அங்குச் சட்டம் இசைவளித்தது. 1977-இல் உலகப் பீர் வகைகளைப் பற்றி மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், ஆங்கிலேய எழுத்தாளர்) வெளியிட்ட நூல் மறந்துபோன பழைய வகைகளைத் தேட வைத்தது. 1982-இல் யாகிமா நகரில் பெர்ட் கிராண்ட் தொடங்கியது போன்ற சிறு ஆலைகள் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு மறுவாழ்வு தந்தன. ‘கிராஃப்ட் பீர்’ எனப்படுவது இத்தகைய சிறு ஆலைகளின் பீரே.

நாக்கு என்ன சொல்கிறது?

இனி, அந்தக் கறுப்புக் குவளைக்கு வருவோம். தேர்ந்த சுவைஞர் ஒருவர் அதைக் குளிரக் குளிரக் குடிப்பதில்லை. 10 முதல் 13 டிகிரி வரை வைத்துத்தான் முகர்வார். மிகக் குளிர்ந்தால் மணப்பொருள்கள் ஆவியாகி மூக்கை எட்டா. முதலில் வறுத்த காப்பி, கோக்கோ மணம். சர்க்கரையும் புரதக் கூறுகளும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் பொருள்கள் இவை. 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மயார் விளக்கிய வினை இது. நம் வீட்டு அடுப்பில் தோசை முறுகுவதும் இதே வினையால்தான். அடுத்து உலர்திராட்சை, பேரீச்சை போன்ற மணம். ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்களும் ஊறிய காலமும் தருவது. நாக்கில் கசப்பும், உண்ணப்படாமல் எஞ்சிய சர்க்கரையின் இனிப்பும் சேர்ந்து வருகின்றன. விழுங்கியபின் தொண்டையில் ஒரு சூடு. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதே இதற்குக் காரணம்.

இத்தனையும் சொல்லும் நாக்கு, இதில் ஆல்கஹால் எவ்வளவு என்ற ஒரு கேள்விக்கு மட்டும் சரியாக விடை சொல்வதில்லை. இனிப்பும் கருகிய சுவையும் ஆல்கஹாலின் எரிப்பை மறைத்துவிடுகின்றன. கண்ணும் துணைக்கு வருவதில்லை. மாறாக, கெடுக்கவே செய்கிறது. 2001-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெள்ளைத் திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தனர்!

எனவே, நாக்கையும் ஒரு கருவியாகப் பழக்க வேண்டியிருந்தது. டப்ளினின் கின்னஸ் ஆலையில் 1899-இல் சேர்ந்த வில்லியம் கோசெட், சில மாதிரிகளை மட்டும் சோதித்துப் பார்லியின் தரத்தை எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம் என்று ஆராய்ந்தார். ‘மாணவன்’ என்ற புனைபெயரில் 1908-இல் அவர் வெளியிட்ட கணிதமுறை இன்று எல்லா விஞ்ஞானத் துறைகளிலும் பயன்படுகிறது. 1940-களில் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் ‘முக்கோணச் சோதனை’ உருவாயிற்று. மூன்று குவளைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவரும் மூன்றில் ஒரு முறை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடலாம். ஆகவே 12 முறை சோதித்தால், குறைந்தது 8 முறை சரியாகச் சொன்னால்தான் அவருடைய நாக்கு வேறுபாட்டை உணர்ந்தது என்று ஏற்பார்கள்.

எண்ணைப் படியுங்கள்

கறுப்பையும் கடுமையையும் ஒன்றாகக் கருதும் பிழையோடு இன்னொரு பிழையும் ஒட்டிக்கொண்டது. கறுப்பு என்றால் இரும்புச்சத்து, சத்து என்றால் நலம் என்ற எண்ணம். 1929-இல் கின்னஸ் விளம்பரங்கள் அது உடலுக்கு நல்லது என்றே முழங்கின. பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஸ்டவுட்டைப் பரிந்துரைத்த காலம் உண்டு. உண்மையில் அரை லிட்டர் ஸ்டவுட்டில் உள்ள இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. தாய் குடிக்கும் ஆல்கஹாலோ தாய்ப்பாலிலும் கலக்கிறது. மது வகைகள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-இலேயே வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என்று எதையும் வரையறுக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

ஒரு கணக்குப் போட்டு முடிப்போம். 330 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் 4.2 சதவீத ஸ்டவுட் இருந்தால், அதில் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 11 கிராம். அதே குப்பியில் 10 சதவீத இம்பீரியல் ஸ்டவுட் இருந்தால் 26 கிராம். இரண்டும் ஒரே கறுப்பு; இரண்டிலும் அதே காப்பி மணம், அதே பழுப்பு நுரை. நாக்கு இரண்டையும் சுவைத்து ஆயிரம் நயங்களைச் சொல்லும். கல்லீரலுக்குத் தேவையான செய்தியை மட்டும் சொல்லாது. அதைச் சொல்வது குப்பியின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்தான். அந்த எண் அங்கே வருவதற்கு, தந்தைக்குத் தெரியாமல் வெப்பமானியை ஒளித்துவைத்த ஓர் இளைஞர் வழிதிறக்க வேண்டியிருந்தது. காக்காய்க்கொல்லி கலந்த பீரைக் ‘கடுமை’ என்று நம்பிக் குடித்த எத்தனையோ ஏழைத் தொழிலாளிகளுக்கு அந்த எண் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது.